கேம்பர் சுமக்கும் டிரக் வாங்கப் போகிறீர்களா? முதலில் கதவைத் திறந்து பாருங்கள்

டிரக்கை முதலில் வாங்காதீர்கள். எந்தக் கேம்பர், அதாவது டிரக்கின் பின்பக்கத் தொட்டியில் (பெட்டில்) ஏற்றிவைக்கும் சின்ன வீடு, என்று முடிவு செய்து, அது முழு லோடில் எத்தனை பவுண்டு வரும் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிரக் தேடப் போங்கள். நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். எடையை எப்படிக் கணக்குப் போடுவது, எந்த டிரக் அதைத் தாங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது மீதிப் பாதி.

நம்மாட்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். டென்வர் பக்கம் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். "அண்ணா, ஃபோர்டு எஃப்-150 டிரக் எடுத்துட்டேன். பதிமூணாயிரம் பவுண்டு இழுக்குமாம். மூவாயிரம் பவுண்டு கேம்பர் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். அசால்ட்டா தூக்கிடும்ல?"

"டிரைவர் கதவைத் திறந்து, மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஆளும் சாமானும் சேர்த்து எவ்வளவுன்னு போட்டிருக்குன்னு படிங்க தம்பி" என்றேன்.

படித்தார். 1,480 பவுண்டு. "இது ஏதோ தப்பா அச்சடிச்சிருக்காங்கண்ணா" என்றார்.

தப்பே இல்லை. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. டிரெய்லரை இழுத்துப் போனால் அதன் எடை அதன் சொந்தச் சக்கரங்களில் நிற்கிறது. டிரக்கின் கொக்கியில் இறங்குவது அதில் பத்து, பதினைந்து சதவீதம்தான். ஸ்லைடு-இன் கேம்பருக்குச் சக்கரமே கிடையாது. நான்கு ஜாக் கால்களில் நிற்கும் ஒரு சின்ன வீடு அது. அடியில் டிரக்கைப் பின்னால் நகர்த்தி நுழைத்து, ஜாக்கை இறக்கினால், மொத்த எடையும் பெட்டில் உட்கார்ந்துவிடும். அடுப்பு, படுக்கை, கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் டிரக்கின் கமான் பட்டை, அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங், மேல்தான். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிற இழுவை எண் இங்கே ஒரு காசுக்கும் உதவாது. நமக்கு வேண்டியது பேலோடு, அதாவது சுமைத் திறன்.

நான் நாமக்கல்காரன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவன். சேஸிஸ் எவ்வளவு தாங்கும், எடை எந்த ஆக்சிலில் இறங்கும் என்பதெல்லாம் எங்கள் ஊரில் டீக்கடைப் பேச்சு. கொலராடோவுக்கு வந்து இந்தக் கேம்பர் பித்து பிடித்தபோது எனக்கு உதவியது அந்தப் பேச்சுதான். டீலரின் பேச்சு உதவவில்லை.

கேம்பரின் உண்மை எடை

கம்பெனிக் காகிதத்தில் 'டிரை வெயிட்' என்று ஓர் எண் இருக்கும். அது வெறும் கூடு. தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, பெரும்பாலும் பேட்டரியும் கூடுதல் வசதிகளும் இல்லை. அந்த எண்ணை நம்பி டிரக் வாங்குவது பெண் வீட்டார் அனுப்பிய போட்டோவை மட்டும் பார்த்துக் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பது மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு அடி பெட்டுக்கான சாதாரணக் கெட்டிச்சுவர் கேம்பர், ஸ்லைடு-அவுட் (நிறுத்தியதும் வெளியே தள்ளிக்கொள்ளும் அறைப்பகுதி) எதுவும் இல்லாதது, காகிதத்தில் 2,500 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் ஏசி, பக்கவாட்டில் சுருட்டும் பந்தல், சோலார் பலகை, பின்பக்க ஏணி எல்லாம் சேர்ந்து 250 பவுண்டு. அமெரிக்கக் கேலன் ஒன்றுக்குத் தண்ணீர் 8.34 பவுண்டு, 30 கேலன் தொட்டி நிறைந்தால் 250. வெந்நீர்க் கொதிகலனுக்குள் நிற்கும் 6 கேலன் இன்னொரு 50. இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 20 பவுண்டு புரொபேன் சிலிண்டரின் காலி எடையே 17 பவுண்டு வாக்கில் வரும். இரண்டு சிலிண்டருக்கு 75. ஈய பேட்டரி ஒன்று 60 பவுண்டு, இரண்டுக்கு 120. லித்தியம் என்றால் இதில் பாதிதான் ஆகும்.

அடுத்து சாமான். அமெரிக்கக்காரர்கள் 500 பவுண்டு என்று பொத்தாம்பொதுவாகப் போடுவார்கள். நம் வீட்டுக்கு அந்த எண்ணைக் குறைக்கவே குறைக்காதீர்கள். இருபது பவுண்டு அரிசிப் பை, இரும்பு தோசைக்கல், இரண்டு குக்கர், மாவு டப்பா, போதாததற்கு "எதுக்கும் இருக்கட்டும்ங்க" என்று கடைசி நேரத்தில் ஏறுகிற டேபிள்டாப் கிரைண்டர். கிரைண்டர் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நான் பேசிப் பார்த்திருக்கிறேன். பலிக்கவில்லை. 500 என்றே வையுங்கள்.

இதுவரை 3,745. கேம்பரை டிரக்கோடு கட்டிவைக்கும் இரும்புச் சாமான்கள், பெட்டில் விரிக்கும் கனமான ரப்பர் பாய், பின் ஸ்பிரிங்குக்குப் போடும் துணைச் சாமான் என்று இன்னொரு 200. கடைசியாக ஆட்கள். கதவு ஸ்டிக்கரில் உள்ள எண் ஓட்டுநரையும் சேர்த்துத்தான். கணவன், மனைவி, வளர்கிற இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 490 பவுண்டு. டேங்கில் இருக்கும் எரிபொருளைக் கூட்ட வேண்டாம், அந்த எண்ணைப் போடும்போதே முழு டேங்கைக் கழித்துவிட்டுத்தான் போட்டிருப்பார்கள். கேம்பர் ஏற்றும்போது பெட்டின் பின்கதவை, அதாவது டெயில்கேட்டை, கழற்றிவிடுவோம். அதில் கொஞ்சம் மிச்சம்.

கூட்டிப் பாருங்கள். 4,400 பவுண்டுக்கு மேல் வருகிறது. 2,500 என்று வாங்கிய கேம்பர், சாலையில் இறங்கும்போது ஏறக்குறைய 2 டன்.

உங்கள் கேம்பருக்கு இதே மாதிரி ஒரு கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். கேம்பர் பழையது என்றால் காகித எடையை நம்ப வேண்டாம். விற்பவர் அதை டிரக்கில் ஏற்றி வைத்திருந்தால் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் உள்ள எடை மேடைக்குக் கூட்டிப்போய் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு கேம்பரை இறக்கிவிட்டு வெறும் டிரக்கை நிறுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கேம்பர்.

எந்த டிரக்குக்கு எவ்வளவு

இந்த ஊரில் டிரக்கை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று பிரிப்பார்கள். அதெல்லாம் தாத்தா காலத்துக் கணக்கு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய அரை டன் வண்டி முக்கால் டன்னே சுமக்கலாம். பெயரைப் பார்க்காமல் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆனாலும் எங்கே தேடத் தொடங்குவது என்று தெரிய இந்தப் பிரிவு உதவும்.

அரை டன் என்றால் எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500 வகையறா. நான்கு கதவு, நான்கு சக்கர இழுவை, தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று வசதியோடு எடுத்தால் 1,400-லிருந்து 1,900 பவுண்டு வரைதான் பெரும்பாலும் வரும். எஃப்-150-க்குக் கனமான பேலோடு பேக்கேஜ் ஒன்று விற்றார்கள். அது போட்ட வண்டி 2,500-ஐத் தாண்டும், ஆனால் ஷோரூமில் தேடினால் லேசில் கண்ணில் படாது. இந்த வகை டிரக்குக்கு ஏற்றது பாப்-அப் கேம்பர்தான். ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும், நிறுத்தியதும் தூக்கிக்கொள்ளலாம், சுவரின் மேல்பாதி துணி. கலிபோர்னியாவின் உட்லாண்டில் ஃபோர் வீல் கேம்பர்ஸ் என்று ஒரு கம்பெனி 1972-லிருந்து இதையே செய்கிறது. கணவன் மனைவி இருவர், கோடைப் பயணம், காட்டுப் பாதை என்றால் எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. போனில் பேசிய தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். பிள்ளைகள் பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முக்கால் டன் என்பது எஃப்-250, ராம் 2500, ஜி.எம். 2500. பார்ப்பதற்கு மலை மாதிரி நிற்கும். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த வண்டிகளில் பலவற்றுக்கு மொத்த எடை உச்சவரம்பு, அதாவது வண்டியும் சுமையும் ஆட்களும் சேர்ந்து எவ்வளவு வரலாம் என்பது, சரியாக 10,000 பவுண்டு என்று போட்டிருக்கும். அதைத் தாண்டினால் வண்டி அடுத்த வகுப்புக்குப் போய்விடும். சில மாநிலங்களில் பதிவுக் கட்டணமும் விதியும் மாறும். ஆகவே 10,000-லேயே நிறுத்திவிடுகிறார்கள். இப்போது பாருங்கள்: டீசல் என்ஜின் பெட்ரோல் என்ஜினை விடப் பல நூறு பவுண்டு கனம். நான்கு சக்கர இழுவை போட்டால் இன்னும் கொஞ்சம். நான்கு கதவு கேபின் இன்னும் கொஞ்சம். உச்சவரம்பு நகராமல் நிற்க, வண்டியின் சொந்த எடை ஏறிக்கொண்டே போகிறது. மிஞ்சுவதுதான் பேலோடு. எல்லா வசதியும் போட்ட டீசல் முக்கால் டன் வண்டி 2,200 பவுண்டு ஸ்டிக்கரோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே துணி இருக்கை, பெட்ரோல் என்ஜின், சாதாரண கேபினோடு ஒன்று 3,500-க்கு மேல் காட்டியபடி, விலையும் குறைவாக, யாரும் சீந்தாமல் நிற்கும். அதிகக் காசு கொடுத்தால் குறைவாகச் சுமக்கும் பொருள் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ராம் 2500-இல் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2014 மாடலிலிருந்து பின்பக்கம் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது. காலி வண்டி ஓட்டச் சுகம். ஆனால் உயரமான கேம்பர் ஏறினால் அலைச்சல் கூடும். அதே குடும்பத்தில் 3500-க்குக் கமான் பட்டைதான். கேம்பர் சுமக்க எனக்குப் பட்டைதான் பிடிக்கும். நாமக்கல் ரத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டன் என்பது எஃப்-350, ராம் 3500, ஜி.எம். 3500. இதில் இரண்டு பிரிவு. பின்னால் பக்கத்துக்கு ஒரு டயர் என்றால் ஒற்றைச் சக்கரம். இரண்டிரண்டு டயர் என்றால் டூவலி. முக்கால் டன்னுக்கும் ஒற்றைச் சக்கர ஒரு டன்னுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. சுமைத் திறனில் ஆயிரம் பவுண்டுக்கு மேல்கூட வித்தியாசம் வரும். கெட்டிச்சுவர் கேம்பர் எண்ணம் துளியாவது இருந்தால் முக்கால் டன்னைத் தாண்டி ஒரு டன்னிலேயே தொடங்குங்கள்.

நான் வைத்திருப்பது எஃப்-350, ஒற்றைச் சக்கரம், எட்டு அடி பெட், 7.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின். கேம்பர் கனடாவின் கெலோனாவில் செய்யும் நார்தர்ன் லைட். கண்ணாடியிழை ஓடு, ஸ்லைடு-அவுட் கிடையாது. மூன்று பேர் போகிறோம். வரம்புக்குள் நிற்கிறது, ஆனால் தாராளமாக இடமிருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

ஸ்லைடு-அவுட் உள்ள கேம்பர், தனிக் குளியலறை, பெரிய தொட்டி என்று போனால் டூவலிதான், பேச்சே இல்லை. ஓரிகானின் பெண்ட் நகரத்தில் ஹோஸ்ட் என்ற கம்பெனி மூன்று ஸ்லைடு-அவுட்டோடு செய்கிறது. அதை ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றிப் போகிறவர்களைப் பார்த்தால் நான் பின்னால் தள்ளியே போவேன். டூவலியின் பின்பக்கம் எட்டு அடி அகலம். ஊருக்குள் நிறுத்துவது பாடு. குறுகலான மலைப்பாதையில் வெளிச் சக்கரம் ஓரத்தைத் தேடும். கேம்பர் ஜாக்குகள் அந்த அகலச் சக்கரக் கூண்டைத் தாண்டி நிற்க, வெளியே தள்ளிக்கொள்ளும் பிராக்கெட் வேண்டும். கேம்பர் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் குறுக்குக் காற்றில் அது நிற்கும் நிலை தனி. வயோமிங்கில் ஐ-80 சாலை, லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே எல்க் மவுண்டன் பக்கம் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். உயரமான வண்டிகளை அங்கே காற்றுக்காகவே நிறுத்திவைப்பார்கள்.

ஸ்டிக்கர் இல்லாத வண்டி

மொத்த எடை உச்சவரம்பு 10,000 பவுண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு அந்த மஞ்சள் ஸ்டிக்கர் சட்டப்படி கட்டாயமில்லை. ஆகவே ஒரு டன் வண்டியில் கதவைத் திறந்தால் டயர் அளவும் காற்றழுத்தமும் மட்டும் இருக்கும், பேலோடு எண் இருக்காது. டீலரைக் கேட்டால் கையேட்டில் உள்ள உச்ச எண்ணைக் காட்டுவார். அது எந்த வசதியும் இல்லாத, இரண்டு கதவு, மொட்டை வண்டியின் எண். உங்கள் கையில் உள்ள வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். கதவுச் சட்டத்தில் இன்னொரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று மொத்த உச்சவரம்பும், முன் ஆக்சிலுக்கு எவ்வளவு, பின் ஆக்சிலுக்கு எவ்வளவு என்றும் போட்டிருக்கும். வண்டியை முழு டேங்கோடு கேட் ஸ்கேல் எடை மேடைக்கு ஓட்டிப்போங்கள். முன்சக்கரம் முதல் பலகையிலும் பின்சக்கரம் அடுத்த பலகையிலும் நிற்க வேண்டும். சீட்டில் இரண்டு ஆக்சிலின் எடையும் தனித்தனியாக வரும். உச்சவரம்பிலிருந்து மொத்தத்தைக் கழித்தால் பேலோடு.

பின் ஆக்சில் எண்ணை விட்டுவிடாதீர்கள். கேம்பரின் எடையில் பெரும்பகுதி அங்கேதான் இறங்குகிறது. மொத்தம் வரம்புக்குள் இருந்து, பின் ஆக்சில் மட்டும் தாண்டி நிற்கிற வண்டிகள் உண்டு.

அந்த ஆக்சில் எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் டயரில் போய் முடியும். ஒற்றைச் சக்கர ஒரு டன் வண்டியில் எல்டி275/70ஆர்18, லோடு ரேஞ்ச் ஈ டயர் சாதாரணம். அதன் சுமைக் குறியீடு 125, 80 பி.எஸ்.ஐ. காற்றில் ஒரு டயர் 3,640 பவுண்டு தாங்கும். இரண்டுக்கு 7,280. காலி வண்டியிலேயே பின் ஆக்சில் மூவாயிரம் பவுண்டு சுற்றி நிற்கும். மீதி நாலாயிரம்தான் உங்களுக்கு, அதுவும் ஓர் அவுன்ஸ் மிச்சம் வைக்காமல். டூவலியில் எல்டி245/75ஆர்17 டயர், இரட்டையாக ஓடும்போது ஒன்றுக்கு 2,910, நான்குக்கு 11,640. டூவலியின் பலம் என்ஜினில் இல்லை, அந்த நான்கு டயரில் இருக்கிறது.

பழைய வண்டி வாங்கினால், முந்தைய சொந்தக்காரர் அழகுக்காகப் பெரிய வீலும் வேறு டயரும் மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். டயர் பக்கச் சுவரில் உள்ள சுமைக் குறியீட்டைக் கதவு ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். வீலுக்கும் தாங்கும் எடை உண்டு. அது அச்சடித்தோ பொறித்தோ கிடைக்கவில்லை என்றால் வீலை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

பெட்டின் நீளமும் எடை மையமும்

பக்கவாட்டில் கேம்பர் உடம்பில் ஓர் இடத்தில் எடை மையம் என்று குறியிட்டு ஸ்டிக்கர் இருக்கும். டிரக்கோடு கொடுக்கும் காகிதங்களில் 'டிரக் கேம்பர் லோடிங்' என்று ஒரு பக்கம் வரும். கேம்பரின் எடை மையம் பெட்டில் எங்கிருந்து எங்கே வரை விழலாம் என்று அதில் படம் போட்டிருப்பார்கள். சில மாடல்களுக்குக் கேம்பரே ஏற்ற வேண்டாம் என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கையில் டேப் இருந்தால் போதும். பெட்டின் முன்சுவரிலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்துகொள்ளுங்கள். கேம்பரின் முன்சுவரிலிருந்து, அதாவது பெட்டுக்குள் போகும் பகுதியின் முன்சுவரிலிருந்து, எடை மையக் குறி வரை அளந்துகொள்ளுங்கள். இரண்டாவது அளவு முதலாவதை விடக் குறைவாக இருக்க வேண்டும். எடை மையம் ஆக்சிலுக்குப் பின்னால் விழுந்தால் வண்டியின் மூக்கு தூக்கும், ஸ்டியரிங் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும், மழையில் முன்சக்கரம் பிடிக்காது.

ஆகையால் எட்டு அடி பெட் கிடைத்தால் எட்டு அடியையே எடுங்கள். ஆறரை அடிப் பெட்டுக்கென்றே வடிவமைத்த நல்ல கேம்பர்கள் உண்டு. எட்டு அடிக் கேம்பரை ஆறரை அடிப் பெட்டில் தொங்கவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன டேப் அளவை எடுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஐந்தரை அடிப் பெட்டுக்குச் சில பாப்-அப் மாடல்களைத் தவிர ஒன்றும் சரிப்படாது. பக்கச் சுவரில் சாமான் பெட்டி வைத்த ராம்பாக்ஸ் வண்டிகளில் பல கேம்பர்கள் உட்காரவே உட்காராது.

உயரமும் ஒரு விஷயம். இப்போது வரும் டிரக்குகளின் கேபினும் பெட் சுவரும் வர வர உயர்ந்துகொண்டே போகின்றன. பழைய கேம்பரின் மூக்கு கேபின் கூரையில் இடிக்கலாம். அடியில் பலகையோ கெட்டி ஃபோம் மேடையோ போட்டுத் தூக்க வேண்டிவரும். தூக்கத் தூக்க எடை மையமும் மேலே போகும்.

ஸ்பிரிங் போட்டால் ஆகாதா?

எங்கள் ஊரில் கமான் கட்டில் இரண்டு பட்டையைச் சொருகிவிட்டு, இன்னும் ரெண்டு டன் ஏற்று என்பார்கள். இங்கேயும் அதே யோசனைதான், பெயர்தான் வேறு: ஏர் பேக், ரப்பர் ஸ்டாப்பர், கூடுதல் பட்டை, தடித்த ஸ்வே பார். நானும் ஏர் பேக் போட்டிருக்கிறேன். பின்பக்கம் தொய்யாமல் இருக்கிறது, விளக்கு வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிப்பதில்லை. ஸ்வே பார் போட்டதும் வளைவில் சாய்வு குறைந்தது. ஆனால் பிரேக், ஆக்சில் குழாய், பேரிங், வீல் ஒன்றும் மாறவில்லையே. கதவு ஸ்டிக்கரின் எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. வரம்புக்குள் இருக்கும் வண்டியை நன்றாக ஓட வைக்க இவை வேண்டும். வரம்பு மீறிய வண்டியை மறைக்க அல்ல.

பெட்ரோலா டீசலா என்று கேட்பீர்கள். டென்வரிலிருந்து மேற்கே போனால் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் என்ற கணக்கில் சக்தியை இழக்கும். அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வலது ஓரத்தில் சத்தம் போட்டுக்கொண்டு ஏறுவேன். ஏறட்டுமே, என்ன அவசரம்? டீசல் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறும், இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் பிடித்துக்கொள்ளும். அது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. டூவலி, பெரிய கேம்பர், பின்னால் ஒரு படகு என்றால் டீசல் எடுங்கள். ஒற்றைச் சக்கர வண்டியில் அந்த டீசல் எடை உங்கள் தண்ணீர்த் தொட்டியைத் தின்றுவிடும். பெட்ரோல் வண்டியில் கனச்சுமைக்கென்று உள்ள டோ-ஹால் பொத்தானை அழுத்தி, கீழ் கியரில் இறங்கினால் பிரேக் கொதிக்காது.

கேட்டு வாங்க வேண்டியவை

புது வண்டி என்றால் ஃபோர்டில் கேம்பர் பேக்கேஜ் என்று ஒன்று உண்டு. பெரிய செலவில்லை, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டுக்குள்ளேயே ஏழு முனைப் பிளக் வரும் வண்டி கிடைத்தால் நல்லது, கேம்பரின் விளக்குக்கும் பேட்டரிக்கும் ஒயரை அடியில் இழுத்துக் கட்ட வேண்டியதில்லை. டெயில்கேட்டைக் கழற்றினால் ரிவர்ஸ் கேமராவும் போய்விடும். கேம்பருக்கு அடியில் டிரக்கை நுழைக்கும்போதுதான் அது அதிகம் தேவை, அதனால் பம்பரிலோ கேம்பரிலோ ஒரு கேமரா தனியாக மாட்டிக்கொள்ளுங்கள்.

கேம்பரைக் கட்டும் கொக்கிகள் டிரக்கின் சேஸிஸில் மாட்டியிருக்க வேண்டும். பெட் தகட்டில் மாட்டுவதும் விற்கிறது. எஃப்-150-க்கு 2015-லிருந்தும், எஃப்-250, 350-க்கு 2017-லிருந்தும் பாடி அலுமினியம். அதில் கொக்கி போட்டு இரண்டு டன்னை இழுத்துக் கட்ட எனக்கு மனம் வராது. டார்க்லிஃப்ட் போன்றவர்கள் வண்டி மாடல், வருடம் வாரியாகச் சேஸிஸ் கொக்கி செய்கிறார்கள். நீங்கள் பார்த்திருக்கும் வண்டிக்கு அது கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பெட்டில் பிளாஸ்டிக் தொட்டி மாதிரி லைனர் கிடந்தால் கழற்றி எறியுங்கள், கேம்பர் அதில் வழுக்கும். மேலே தெளித்த லைனர் பரவாயில்லை. அதன்மேல் ரப்பர் பாய்.

பழைய வண்டியா? படுத்து அடியில் பாருங்கள். குளிர்கால உப்பும் மெக்னீசியம் குளோரைடும் சேஸிஸை அரித்திருக்கும். பெயிண்ட் புதிதாக அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று முறிந்திருக்கிறதா, ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, பெட்டின் நடுவில் கூஸ்நெக் கொக்கி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை இருந்தால் தப்பில்லை, கனமாக இழுத்த வண்டி என்று தெரிந்துகொள்ளலாம். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள்.

கடைசியாக, கையெழுத்துப் போடும் முன்பு, ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவி வாங்கி, நேராக எடை மேடைக்குப் போங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகாது. சீட்டில் வரும் எண்ணை உச்சவரம்பிலிருந்து கழித்து, பையில் இருக்கும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். பத்து சதவீதமாவது மிச்சம் இருந்தால் விலை பேசுங்கள். எடை மேடைக்கெல்லாம் வண்டி தர மாட்டேன் என்று டீலர் முகம் சுளித்தால், சாவியை மேசையில் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.